அரை மூடித் தண்ணீர்

படகின் பெயர் கேஷுவல் லீவ்.
இன்ஷூரன்ஸ் ஆபீசில் அடுத்தடுத்த மேசை
நானும் ஜமாலுதீனும்.
பாதிப் பாதி போட்டு வாங்கினோம்,
பதினான்கடி ஃபைபர்,
பத்துக்கு ஒரு காது குறைந்த குதிரைகள்.
மீன் பிடிக்க அல்ல, ஆள் ஏற்ற அல்ல.
ஞாயிறு காலை உப்பனாற்றில் சும்மா போக.
சும்மா திரும்ப.

சும்மா போகவும் பெட்ரோல் வேண்டும்.
எங்கே போடுவது என்பதில்
இருபது வருஷ சிநேகம் இரண்டு கட்சியானது.

அவன் எல்லைக் கட்சி.
ஆல்பேட்டை தாண்டி, பெண்ணையாறு தாண்டி,
முள்ளோடையில் மாநிலம் முடிகிற இடத்தில் பங்க்.
லிட்டருக்கு ஐந்தாறு ரூபாய் குறைவு.
நான் முதுநகர்க் கட்சி.
வீட்டிலிருந்து கேனை ஆட்டிக்கொண்டே நடந்துவிடலாம்.

கணக்குப் போட்டுக் காட்டினேன்:
இருபது லிட்டருக்கு நூற்றுப் பத்து மிச்சம்.
ஸ்கூட்டி போய்வர ஐம்பது.
எல்லைக் கடையில் இரண்டு டீ, ஒரு தட்டு போண்டா.
மிச்சம் சுழி.
"போண்டா மிச்சம் இல்லையா?" என்றான்.

தை மாதம், முகத்துவாரம்.
இரண்டு இருமல் இருமி மோட்டார் நின்றது.
கயிற்றை இழுத்து இழுத்து
ஜமாலின் உள்ளங்கை தோலுரிந்தது.
வத்தத்து நீர் எங்களைக்
கடல் பக்கமாக நகர்த்திக்கொண்டிருந்தது,
அவசரமே இல்லாமல்,
ஃபைலைத் தள்ளுகிற மாதிரி.

ராசாப்பேட்டை வலைப்படகு ஒன்று திரும்பி வந்தது.
கயிறு வீசியவர் கேட்டது ஒன்றுதான்:
"எந்த பங்க்கு?"

சவரிநாதன் மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றி
பாட்டில் மூடியில் கவிழ்த்தார்.
அரை மூடித் தண்ணீர்.
சுற்றிலும் அவ்வளவு தண்ணீர் எங்களை மிதக்கவிட,
நிறுத்தியது இது.

"இப்ப பெட்ரோல்ல ஸ்பிரிட்டு கலந்துதான் வருது.
ஸ்பிரிட்டு தண்ணியக் கண்டா விடாது.
பெட்ரோல அம்போன்னு விட்டுட்டு
தண்ணி கூட அடியில போய் உக்காந்துக்கும்."
எங்களையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"வெலையப் பாக்காதீங்க. வரிசையப் பாருங்க.
எங்க வண்டி நிக்குதோ அங்க சரக்கு பழசாகாது.
லாரி இறக்குற நேரம் போடாதீங்க,
அடி மண்டி கலங்கியிருக்கும்.
மாசக்கணக்கா கேன்ல வச்சிருக்காதீங்க."

அந்தக் கேனில்
அவன் எல்லையில் வாங்கியது பன்னிரண்டு லிட்டர்,
நான் முதுநகரில் வாங்கியது எட்டு.
டிசம்பர் மழை முழுக்க ஷெட்டில் கிடந்தது,
மூடி சரியாக மூடாமல்.
மூடியது யார் என்று
இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

வரிசை நீளம் முள்ளோடையில்தான்.
பாதிக் கடலூர் அங்கே நிற்கிறது.
ஆனால் ஜமாலுக்குத் தெரிந்த பையன்
வேலையை விட்டுப் போயிருந்தான்.
புதிதாக வந்த குணவதி குழாயைக் கையிலேயே பிடித்தபடி,
"கேன்ல ஊத்த மாட்டோம் மேடம், ரூல்ஸ்.
வண்டியக் கொண்டாங்க."
"வண்டி இல்லம்மா, படகு."
"அப்ப படகக் கொண்டாங்க."

கொண்டுபோனோம்.
அடுத்த ஞாயிறு, வாடகைக் குட்டியானையில்,
வால் பக்கம் சிவப்புத் துணி கட்டி.
முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ, பின்னால் ஒரு புல்லட்,
நடுவில் கேஷுவல் லீவ்.
வரிசை நகர நகர நாங்களும்
தரையில் மிதந்தோம்.
ஆட்டோவிலிருந்து ஒரு குழந்தை டாட்டா காட்டியது.
குணவதி சிரிக்காமல்
"ஜீரோ பாத்துக்குங்க" என்றாள்.
வாடகை எண்ணூறு.
கணக்கு இப்போது நான் போடுவதில்லை.

திரும்பும்போது ஆல்பேட்டை செக்போஸ்ட்.
ஏட்டு படகின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்,
சீட்டைத் தூக்கி, லைஃப் ஜாக்கெட்டை உதறி.
"புதுச்சேரி சரக்கு ஏதாச்சும்?"

டேங்கில் இருபது லிட்டர்.
நூற்றுக்கு இருபது பங்கு ஸ்பிரிட்.
ஜமால் என்னைப் பார்த்தான்.

"இல்ல சார், வெறும் பெட்ரோல்தான்."

மூடியைத் திறந்து முகர்ந்தார்.
கொஞ்ச நேரம்,
தேவைக்கு மேல் ஒரு நொடி.
போகச் சொன்னார்.
மூடியை நான்தான் மூடினேன்.
ஜமால் இன்னொரு முறை திருகினான்.